இரண்டு கும்பினிகளுக்கு நடுவே ஒரு துபாஷ்

வல்லரசுகள் மோதும்போது யார் பக்கம் சாய்வது என்று இன்று சிறிய நாடுகள் தவிக்கின்றன அல்லவா? 18-ம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் ஒரு தமிழர் இந்தத் தவிப்பை நாள்தோறும் கண்டார். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை, குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிவந்தார். அங்கே உறவினர் நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கும்பினிக்குத் துபாஷ். துபாஷ் என்றால் இரு பாஷை அறிந்தவர். வியாபாரம், தூது எல்லாம் அவர் கையில்தான். ஆனால் துரைகளின் கோபம் பொல்லாதது! நைனியப்பர் சிறையில் தள்ளப்பட்டார். 1717-ல் அங்கேயே மாண்டார். அப்போது ரங்கப் பிள்ளைக்கு வயது எட்டு.

1736-ல் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல் வரவு, துரைகளின் பூசல், ஊர் வம்பு, வந்த பிரபுவுக்கு எத்தனை பீரங்கி முழங்கிற்று என்பது வரை அதில் உண்டு. பீரங்கிக் கணக்கு அற்ப விஷயமல்ல. யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அதுதான் காட்டும்.

சென்னை கைமாறியது

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஐரோப்பாவில் மூண்ட சண்டை சோழமண்டலக் கரைக்கும் வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அதை நவாப் அன்வருத்தீனுக்கே தருவதாக கவர்னர் டூப்ளே வாக்களித்திருந்தார். தரவில்லை. படையெடுத்து வந்த நவாபின் சேனை அடையாற்றில் தோற்றது. மறு ஆண்டு பிள்ளை தலைமைத் துபாஷ் ஆனார்.

1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தனர். நவாபுகளோடு பேசத் தெரிந்த பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. துக்கத்தை நாட்குறிப்பில்தான் கொட்டினார்.

அதே ஆண்டு ஐரோப்பாவில் சமாதானம். வட அமெரிக்காவில் லூயிபூர் கோட்டை பிரான்சுக்கு. அதற்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயருக்கு! நவாபை யாரும் கேட்கவில்லை. சென்னை வாசிகளைக் கேட்பானேன்?

1754-ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். இரண்டே ஆண்டில் பிள்ளையின் பதவியும் போயிற்று. ஆனாலும் எழுதுவதை விடவில்லை. 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அந்த மாதத்திலேயே பிள்ளையும் காலமானார். நோயிலும் கடைசி நாட்கள் வரை குறிப்புத் தொடர்ந்தது.

அந்த ஏடுகள் 1846-ல் கண்டெடுக்கப்பட்டன. பிறகு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. பிள்ளை வாழ்ந்த மாளிகையைப் புதுச்சேரியில் இன்றும் காணலாம்.