அன்னை கபிரினி

இத்தாலி நாட்டின் வடபகுதியில், சாந்தாஞ்செலோ என்னும் சிற்றூரில், 1850-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார் பிரான்செஸ்கா கபிரினி. பிழைக்குமோ பிழைக்காதோ என்று அஞ்சிய பெற்றோர் அன்றே ஞானஸ்நானம் கொடுத்தனர். சிறுமியாய் இருந்தபோது காகிதப் படகுகளில் ஊதாப் பூக்களை நிரப்பி, அவைதாம் சீனாவுக்குச் செல்லும் மறைபரப்பாளர்கள் என்று சொல்லி ஓடும் நீரில் விடுவார். ஒருநாள் அந்த நீரிலேயே விழுந்துவிட்டார். அதிலிருந்து வாழ்நாள் முழுவதும் தண்ணீர் என்றாலே அவருக்கு அச்சம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே! இவரே பின்னாளில் அட்லாண்டிக் மாக்கடலை இருபது முறைக்கு மேல் கடந்தார்.

படித்து ஆசிரியையானார். கன்னியர் மடத்தில் சேர விரும்பியபோது, உடல் வலு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரோ 1880-இல் தாமே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்து மீனவ மக்களிடையே உழைத்த புனித சவேரியாரின் மீது கொண்ட பக்தியால், அவர் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சவேரியாரைப் போலவே கிழக்கே போக வேண்டும், சீனாவில் உழைக்க வேண்டும் என்பதே அவரது கனவு. ஆனால் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அவரைக் கிழக்கே அல்ல, மேற்கே போகும்படி பணித்தார்.

மேற்கே என்றால் அமெரிக்கா. பஞ்சம் பிழைக்கப் போன இத்தாலியர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. இருப்புப்பாதை போடவும் சாக்கடை தோண்டவும் அவர்கள் கைகள் வேண்டியிருந்தன. அவர்கள் மட்டும் வேண்டாதவர்கள். கறுத்த தலைமுடியையும் புரியாத பேச்சையும் கேலி செய்து இழிபெயர் வைத்து அழைத்தனர். பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பத்திரிகைகள் எழுதின. சொல்ல வருத்தமாக இருக்கிறது, கோயிலிலும் இதே கதைதான். பல பங்குகளில் மேலே மற்றவர்களுக்குப் பூசை நடக்க, இத்தாலியருக்குக் கீழே நிலவறையில்தான் இடம். அப்படி ஒதுக்கியவர்களில் பலர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தாங்களும் அதே ஊரில் அவமதிக்கப்பட்டதை அவர்கள் எப்படித்தான் மறந்தார்களோ!

1889 மார்ச் 31-ஆம் நாள், ஆறு சகோதரிகளுடன் நியூயார்க்கில் வந்து இறங்கினார் அன்னை. அவர்களுக்கு வீடு எதுவும் ஆயத்தமாக இல்லை. அன்றிரவு மூட்டைப்பூச்சி நிறைந்த ஒரு விடுதியில் படுக்க மனமின்றி உட்கார்ந்தபடியே செபித்துக் கழித்தனர். மறுநாள் பேராயர், வந்த கப்பலிலேயே இத்தாலிக்குத் திரும்பிவிடலாம் என்றார். தம்மை அனுப்பியவர் பாப்பரசர். ஆகவே இங்கேயே தங்கப் போவதாகப் பணிவோடு தெரிவித்துவிட்டார் அன்னை. சில வாரங்களுக்குள் அநாதைச் சிறுமியருக்கு ஓர் இல்லம் எழுந்தது. அதற்காகச் சகோதரிகள் தெருத் தெருவாகக் கையேந்தினர்.

இரண்டு ஆண்டுகளில் ஒரு கொடுமை நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரப் போலீஸ் தலைவரை 1890-இல் யாரோ சுட்டுக் கொன்றனர். பழி இத்தாலியர் மேல் விழுந்தது. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் மீதும் நீதிமன்றம் குற்றத்தைத் தீர்மானிக்கவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14-ஆம் தேதி, பெருங்கூட்டம் சிறையை உடைத்து நுழைந்து இத்தாலியர் 11 பேரைக் கொன்றது. கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர்கள் ஊரின் பெரிய மனிதர்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்க அரசு 25,000 டாலர் ஈடு கொடுத்ததோடு சரி. அந்த நகருக்குத்தான் 1892-இல் அன்னை தம் சகோதரிகளை அனுப்பினார். ஒரு பழைய குடியிருப்பை வாங்கி, துடைத்துக் கழுவி, பள்ளியும் அநாதை இல்லமும் தொடங்கினர். யாரும் எட்டிப் பார்க்க அஞ்சிய இத்தாலியர் தெருக்களில் அந்தக் கன்னியரின் கறுப்பு உடை தெரியத் தொடங்கியது.

அன்னை வெறும் சாதுவல்லர். சிகாகோவில் மருத்துவமனைக்கென ஒரு ஹோட்டலை விலை பேசியபோது, விற்பவர்கள் மேல் ஐயம் கொண்டு, அதிகாலையில் சகோதரிகளை அனுப்பிக் கயிற்றால் மனையை அளக்கச் செய்தாராம். ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுக்கப் பார்த்தது வெளிப்பட்டுவிட்டது! ஆங்கிலம் சரளமாக வராத இந்தப் பெண்மணி பள்ளிகள், இல்லங்கள், மருத்துவமனைகள் என 67 நிறுவனங்களை நிறுவினார். 1909-இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

1917 டிசம்பர் 22-ஆம் நாள், அதே சிகாகோ மருத்துவமனையில் இறைவனடி சேர்ந்தார். முந்தின நாள்கூடக் கிறிஸ்துமஸுக்காகப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளில், 1924-இல், அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. முன்பு சில ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேல் வந்துகொண்டிருந்த இத்தாலியர், இனி ஆண்டுக்கு நாலாயிரம் பேர்கூட வர முடியாது. ஆசியர்களுக்கோ கதவு ஏறக்குறைய அடியோடு சாத்தப்பட்டது. 1946-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அன்னை கபிரினியைப் புனிதராக உயர்த்தினார். அமெரிக்கக் குடிமக்களில் முதல் புனிதர் அவரே. நாடெங்கும் மணிகள் ஒலித்த அந்நாளிலும், அவருடைய இனத்தாரைத் தடுத்த சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. 1965-இல்தான் அதை நீக்க முடிவு செய்தார்கள்.