அசன்பே சரித்திரம் தந்த சித்திலெப்பை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சரித்திர நாவல்களுக்கு வாசகர் குறைந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை. கல்கியின் பொன்னியின் செல்வன், அகிலனின் வேங்கையின் மைந்தன், சாண்டில்யனின் கடல்புறா ஆகியவை கிராமத்து வாசிகசாலைகளில் கைமாறிக் கைமாறி, அட்டை கழன்று, மீண்டும் கட்டப்பட்டு, அடுத்த தலைமுறையின் கைக்கும் போய்ச் சேர்ந்தவை. கடந்த ஓராண்டில் இந்நூல்களை மீண்டும் எடுத்து வாசித்தபோது மனத்தில் ஒரு வினா எழுந்தது. இந்த வாசிப்பின் ஊற்று நமது நாட்டில் எங்கே தொடங்கிற்று? விடையைத் தேடிச் சென்றால், ஒரு சோழ மன்னனின் அரண்மனையையோ நல்லூர் இராசதானியையோ நாம் சென்றடைவதில்லை. கண்டி நகரில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணியின் எழுதுமேசையையே சென்றடைகிறோம். அவர்தாம் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியில் சித்திலெப்பை பிறந்தார். அவருடைய தந்தையார் இலங்கை முஸ்லிம்களிடையே சட்டத் தொழிலில் முதன்முதலாக நுழைந்தவர். மகனும் அவ்வழியே சென்று, 1860களின் முற்பகுதியில் சட்டத்தரணியானார். அரபும் தமிழும் ஆங்கிலமும் அவருக்குக் கைவந்திருந்தன. தொழிலில் வருவாயும் சமூகத்தில் மதிப்பும் குறைவின்றி இருந்தன. அந்த அளவோடு மனநிறைவு கொண்டு அவர் வாழ்ந்திருக்கலாம். ஆயினும் தம்மைச் சுற்றிலும் கண்ட காட்சி அவரை அமைதியாக இருக்கவிடவில்லை.

அக்காலத்து முஸ்லிம் சமூகம் வாணிபத்தில் முன்னணியில் நின்றது. நவீன கல்வியிலோ பின்தங்கியிருந்தது. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பாடசாலைகளிலேயே கிடைத்தது. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் அவர்கள் மார்க்கத்தை இழந்துவிடுவார்கள் என்று பெற்றோர் அஞ்சினர். இந்த அச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும் இதே நெருக்கடியைத்தான் எதிர்கொண்டார். அவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், அடுத்த ஆண்டு அச்சியந்திரம் நிறுவியதும் அதற்கு விடையாகவே. நாவலர் 1879இல் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, பாடசாலை, அச்சகம், எளிய உரைநடை என்ற அதே கருவிகளைக் கையிலெடுத்துச் சித்திலெப்பை தமது சமூகத்தின் முன் நின்றார்.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வார இதழை அவர் வெளியிட்டார். கல்வியின் தேவை, வீண் செலவுகளின் கேடு, உலக முஸ்லிம் நாடுகளின் நிலை ஆகியவற்றை அவ்விதழ் வாரந்தோறும் பேசிற்று. இதழ் தொடங்கிய சில வாரங்களில் இன்னொரு நிகழ்ச்சி நேர்ந்தது. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி, 1882 செப்டம்பரில் தோல்வியுற்ற ஒறாபி பாஷா, பிரித்தானியரால் நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் இந்தத் தீவிலேயே வாழ்ந்தார். சித்திலெப்பைக்கும் அவருக்குமிடையே வளர்ந்த நட்பு, பின்னாளில் கல்விப் பணிக்கு உரமாயிற்று. செய்தித்தாள்களில் மட்டும் அறியப்பட்டிருந்த மிஸ்று நாடு, இலங்கை முஸ்லிம்களின் வீட்டு வாசலுக்கே வந்ததுபோல் ஆயிற்று.

இந்தச் சூழலில்தான், 1885ஆம் ஆண்டில், அசன்பே சரித்திரம் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழில் நாவல் என்ற வடிவமே அப்போது தவழும் பருவத்தில் இருந்தது. இலங்கையிலிருந்து வெளிவந்த முதல் தமிழ் நாவல் என இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலரும் அசன்பே சரித்திரத்தையே குறிப்பிடுகின்றனர். மிஸ்று நாட்டின் உயர்குடியில் பிறந்த அசன், குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்படுகிறான். பம்பாயில் வளர்கிறான், கல்கத்தாவில் கல்வி பெறுகிறான், துன்பங்கள் பலவற்றைக் கடந்து, இறுதியில் தாய்நாட்டில் தன் குடும்பத்தோடு சேருகிறான். அவன் பெறும் பட்டமே பே என்பது.

இதை இன்று நாம் வழங்கும் பொருளில் சரித்திர நாவல் என்று சொல்ல முடியாது. அக்காலத் தமிழில் சரித்திரம் என்ற சொல் ஒருவரின் வாழ்க்கைக் கதையையும் குறித்தது. முடிமன்னரின் வரலாற்றைக் கருவாகக் கொண்ட நாவல் பத்தாண்டுகள் கழித்தே வந்தது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, மதுரைச் சொக்கநாத நாயக்கரின் காலத்தைப் பின்னணியாக்கி 1895இல் சென்னையில் வெளியிட்ட மோகனாங்கியே தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுகிறது. எனினும், தொலைதேசங்களின் அரசியலையும் பெருநகரங்களையும் கதைக்குள் கொண்டுவந்து, தன் ஊருக்கு அப்பால் ஓர் உலகம் இயங்குகிறது என்று தமிழ் வாசகனுக்கு உரைநடையில் காட்டிய முன்னோடி சித்திலெப்பையே. மசலாவும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் செவிவழியாகக் கேட்டுப் பழகியிருந்த ஒரு சமூகத்தை, தனித்திருந்து நூல் வாசிக்கும் பழக்கத்துக்கு அவர் அழைத்தார். அவர் கதை எழுதியது பொழுதுபோக்குக்காக மட்டுமன்று. அனாதையாக அலைந்த சிறுவனைக் கல்வி உயர்த்துகிறது என்பதே அக்கதையின் உட்பொருள். முஸ்லிம் நேசனில் அவர் வாரந்தோறும் வாதிட்டதை, நாவலில் ஒரு வாழ்க்கையாகக் காட்டினார்.

எழுத்தோடு அவர் நிற்கவில்லை. 1880களில் அவர் தொடங்கிய பாடசாலை முயற்சிகள் சில நிலைக்கவில்லை. ஆதரவைவிட எதிர்ப்பே மிகுந்திருந்தது. ஆங்கிலம் கற்பிப்பது மார்க்கத்துக்கு ஊறு விளைவிக்கும் என்றோர் அவருடைய சமூகத்திலேயே இருந்தனர். பெண்பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று கூறி, கண்டியில் அவர்களுக்குப் பாடசாலை நிறுவியபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது. அவர் தளரவில்லை. தம் பொருளையும் நேரத்தையும் செலவிட்டார். 1892இல் வாப்பிச்சி மரிக்காரின் உறுதுணையோடும் ஒறாபி பாஷாவின் ஆதரவோடும் கொழும்பு மருதானையில் ஒரு மதரசா தோன்றிற்று. அதுவே பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டில் ஞானதீபம் என்னும் இதழையும் அவர் தொடங்கினார். ஆன்மிக ஞானம் பற்றிய அஸ்றாறுல் ஆலம் என்னும் நூல் 1897இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1898 பெப்ரவரி 5ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன்னரே அவர் இவ்வுலகைப் பிரிந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே ஒரு விவாதம் மூண்டது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ஓர் உரையில் வாதிட்டார். முஸ்லிம் தலைவர்கள் அதை ஏற்கவில்லை. தமிழ் மொழியைப் பேசுவோர் யாவரும் ஒரே இனமாகவே இருத்தல் வேண்டும் என்று ஒரு தரப்பு எண்ணிற்று. தனிச் சமூகமாக வாழ விரும்புவோர் தமிழை விட்டு விலகியே ஆகவேண்டும் என்ற எண்ணமும் பிற்காலத்தில் சிலரிடம் தலைதூக்கிற்று. இவ்விரண்டுக்கும் சித்திலெப்பையின் வாழ்வே மறுப்பு. தம் சமூகத்தின் தனித்துவத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த அவர், அந்த உழைப்பு முழுவதையும் தமிழ் வழியாகவே செய்தார்.

யாழ்ப்பாணத்து மண்ணில் இதை நன்குணர்ந்த ஒருவர் பிறந்தார். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாக உயர்ந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸே அவர். அந்தப் பதவியைத் துறந்து, 1948 முதல் 1961 வரை சாஹிராக் கல்லூரியின் அதிபராக அவர் பணியாற்றினார். சித்திலெப்பை நட்ட மரத்துக்கு நீர் வார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மைந்தர். மேனாட்டு ஆதிக்கத்தை நம் சமூகங்கள் எதிர்கொண்ட விதத்தை ஆராய்ந்து 1964இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலில், சித்திலெப்பையையும் நாவலரையும் ஒருங்கே வைத்து நோக்கினார். சைவத்துக்கு உழைத்தவரும் இஸ்லாத்துக்கு உழைத்தவரும் ஒரே காலத்தின் பிள்ளைகள் என்று வண்ணார்பண்ணையிலே பிறந்த ஒரு முஸ்லிம் எடுத்துரைத்தது, இக்குடாநாடு பெருமை கொள்ளவேண்டிய செய்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவர் மறைந்த பின் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கி மதிப்பளித்தது.

ஆயினும் பெருமையை மட்டும் பேசி முடிக்க இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அது நமக்கு இழைக்கப்பட்ட கொடுமை. 1990 அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஓரிரு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அது நம்மிடையே வாழ்ந்தவர்களுக்கு நம் மண்ணில் இழைக்கப்பட்ட கொடுமை. முன்னதை நினைவுகூரும் நாம், பின்னதைப் பற்றி அவ்வளவு உரத்துப் பேசுவதில்லை. நூலை இழந்த சமூகம் மீண்டும் நூல்களைச் சேர்க்கலாம். அயலவரை இழந்த தெரு, அவர்கள் திரும்பி வந்து நிலைபெறும்வரை நிறைவு பெறாது. திரும்பி வந்த குடும்பங்கள் வீடும் தொழிலும் இன்றிப் பட்ட பாடு சோனகத் தெருவை அறிந்தோர் எவரும் அறிந்ததே.

சரித்திர நாவல்களை நாம் விரும்பி வாசிப்பது, பழம்பெருமை நம்முடையது என்ற உணர்வுக்காக. அந்தப் பழம்பெருமையில் யார் யாருக்குப் பங்குண்டு என்று கேட்பதும் வாசகரின் கடனே. ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதத் தொடங்கும் எவரும் முதல் வரியில் ஒரு முஸ்லிமின் பெயரை எழுதியாக வேண்டும். குடாநாட்டின் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் பொன்னியின் செல்வன் இருக்கும் தட்டிலே அசன்பே சரித்திரமும் மோகனாங்கியும் இடம்பெறட்டும். வந்தியத்தேவனின் குதிரையோடு சோழநாட்டைச் சுற்றி வரும் நம் பிள்ளைகள், அசனின் கப்பலிலும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். அந்தக் கப்பல் சென்ற துறைமுகங்கள் வேறானாலும், அதன் பாய்மரத்தில் எழுதியிருப்பதும் நம் தமிழே.