கடலின் நீலத்தில் தொடங்கிய ஒளி: சர் சி.வி. ராமன்

மூளையில் கட்டி என்று மருத்துவர் சொல்லிவிட்டால் ஒரு குடும்பமே நிலைகுலைந்து போகிறது. எம்ஆர்ஐ எடுக்கிறோம். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று படம் காட்டுகிறது. ஆனால் மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளை சற்றே இடம் நகர்ந்துவிடும். முந்தைய நாள் எடுத்த படம் அப்படியே பொருந்தாது. கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது என்பதை வெறும் கண்ணால் பிரித்தறிவதும் கடினம். கொஞ்சம் விட்டுவிட்டால் கட்டி மீண்டும் வளரும். கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் பேச்சோ கை கால் அசைவோ போய்விடலாம். இந்தச் சிக்கலுக்கு எம்ஆர்ஐயுடன் ஒளியையும் சேர்த்துக்கொண்டு விடை தேடுகிறார்கள். அந்த ஒளியியல் முறைகளில் ஒன்று நம் திருச்சிக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை கல்லூரி ஆசிரியர். வேலை நிமித்தம் குடும்பம் விசாகப்பட்டினத்துக்குச் சென்றது. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904இல் பி.ஏ.வும் 1907இல் எம்.ஏ.வும் முடித்தார். பதினெட்டு வயதிலேயே அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று அரசு மருத்துவர் தடுத்துவிட்டார். அன்று வேறு வழியும் அதிகம் இல்லை. அரசின் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியாக அமர்ந்தார்.

நல்ல சம்பளம், நல்ல பதவி. பலர் அதோடு நின்றிருப்பார்கள். பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஏறக்குறைய ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது. அலுவலகத்துக்குப் போகும் முன்பும், அலுவலகம் முடிந்த பின்பும் ராமன் அங்கே போனார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இப்படியே. 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் அரசு வேலையை விட்டார்.

1921இல் இங்கிலாந்து போய்த் திரும்பும் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலத்தைத்தான் கடல் பிரதிபலிக்கிறது என்பது அப்போதைய கருத்து. ராமனிடம் ஒரு சிறு பட்டகம் இருந்தது. அதைக் கொண்டு பிரதிபலிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. கண்ணுக்குள் ஒளி நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று பஸராவின் இப்னுல் ஹைதம் சோதனை செய்து காட்டி ஒன்பது நூற்றாண்டுகள் ஆகியும், ஒளியிடம் கேட்க இன்னும் கேள்விகள் மிச்சமிருந்தன.

கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஆராயத் தொடங்கினார். விருதுநகர் பக்கத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் அவருடன் சேர்ந்து உழைத்தார். சூரிய ஒளி, தொலைநோக்கி வில்லை, நிறவடிகட்டி, பிறகு ஒரு பாதரச விளக்கு: கருவிகள் இவ்வளவுதான். 1928 பிப்ரவரி 28 அன்று முடிவு உறுதியானது. சிதறிய ஒளியில் மிக மிகச் சிறு பங்கு, கோடியில் ஒன்று என்ற அளவில், நிறம் மாறி வெளிவருகிறது. எந்த மூலக்கூறில் பட்டதோ அதன் அதிர்வுக்கு ஏற்ப அந்த மாற்றம் அமைகிறது. அதாவது ஒவ்வொரு பொருளும் ஒளியில் தன் கைரேகையைப் பதித்து அனுப்புகிறது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனுக்கும் அதில் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு; நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

பெரிய மனிதர் என்பதற்காகக் குறையை மறைக்க வேண்டியதில்லை. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானபோது, தேர்ச்சி பெற்று வந்த கமலா என்ற மாணவியைப் பெண் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. கடைசியில் ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தார். அவள் உழைப்பைப் பார்த்த பிறகு மனம் மாறினார். கமலா சோகோனி பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். மகள்களைப் படிக்க வைக்கும் நம் வீடுகளில் ராமனின் பெயரோடு இந்தப் பெயரையும் சொல்ல வேண்டும்.

கோடியில் ஒன்று என்பதால் ராமன் ஒளி மிக மங்கலானது. லேசர் வந்த பிறகுதான் அது எளிதில் கைக்கு எட்டியது. பொன் துகளின் மேற்பரப்பில் அது பல மடங்கு பெருகும் என்பதும் பின்னாளில் தெரிந்தது. 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். நுண்ணிய பொன் துகளின் மேல் காடோலினியம் பூசி, மூளைக் கட்டி உள்ள எலிகளின் நரம்பில் செலுத்தினார்கள். காடோலினியம் எம்ஆர்ஐ படத்தில் தெரியும். பொன் துகள் ராமன் ஒளியில் தெரியும். துகள் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுவதால், அறுவைக்கு முன் எம்ஆர்ஐயில் பார்த்த அதே துகளை, அறுவையின்போது ராமன் ஒளியில் பார்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் கண்டுபிடித்தார்கள். இது எலிகளில் நடந்தது. மனிதர்களிடம் வேறு வழியில் முயன்றார்கள்: கனடாவின் மான்ட்ரியலில், துகள் எதுவும் செலுத்தாமலே, கையில் பிடிக்கும் ராமன் கோலை மூளைத் திசுவில் வைத்து, புற்று அணுக்கள் உள்ளனவா என்று ஒரு நொடிக்குள் அறியும் ஆய்வு 2015இல் வெளிவந்தது.

ராமன் இவை எதையும் பார்க்கவில்லை. 1970 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் இறந்தார். மனித உடலின் எம்ஆர்ஐ படம் முதன்முதலில் எடுக்கப்பட்டது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் நினைவுக் கட்டடம் எதுவும் இல்லை, ஒரு மரம் நிற்கிறது.