பள்ளி மணிக்காக வெளியே காத்திருந்த மாணவர்

புதிதாகக் கல்லூரி விடுதிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆளுங்க? அந்தக் கேள்விக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு, இதே கோவையில் படித்த ஒருவரின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறோம்.

இரட்டைமலை சீனிவாசன் 1859-இல் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளத்தில் பிறந்தார். கோவையில் அவர் படித்த பள்ளியில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரோடும் சேரவில்லை. மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படிப்பார். பள்ளி விட்டதும், யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீடு திரும்புவார். மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாத அந்த ஏக்கத்தை, எண்பது வயதை எட்டும்போது 1939-இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்திலும் மறக்காமல் எழுதினார்.

பயந்தாலும் படிப்பை விடவில்லை. நீலகிரியில் பத்தாண்டுகள் கணக்கராக வேலை பார்த்தார். 1890-இல் சென்னைக்குப் போனார். மறு ஆண்டே பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. பள்ளியில் எது தெரிந்துவிடக் கூடாது என்று ஒளிந்தாரோ, அதையே ஊரறிய அச்சிட்டார்.

பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பினார். சென்னை சட்டசபை உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து நமக்காகப் பேசினார். 1945-இல் மறைந்தார்.

மனதைத் திடப்படுத்திக்கொள் என்று நம் பிள்ளைகளிடம் சொல்வது எளிது. தனியாக இருந்தவரை சீனிவாசனுக்கும் பயம் போகவில்லை. தன்னைப் போன்றவர்களோடு சபையாகக் கூடியபோதுதான் அவருடைய வேதனை ஊரின் கோரிக்கையானது. ஆகவே தம்பி, தங்கச்சி, விடுதியில் யாராவது சாதி கேட்டு நோகடித்தால் அறைக்குள் முடங்காதீர்கள். நம்மவர்களைத் தேடிச் சொல்லுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது ஒருவரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.