பியர் கியூரியும் படிகக்கல்லும்

எண்களைத் திரையில் காட்டும் மின்னிலக்க நேரங்காட்டிகள் பலவற்றின் மின்சுற்றில் ஒரு சிறிய உலோக உருளை இருக்கும். அதனுள் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் மெல்லிய துண்டு உள்ளது. மின்சாரத்தின் தூண்டுதலால் அது ஒரு நொடிக்கு 32,768 முறை அதிரும். சுற்றிலுள்ள சில்லு அந்த எண்ணிக்கையைப் 15 முறை பாதியாக்கும்போது, நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. அத்துடிப்புகளை எண்ணியே திரையில் எண்கள் மாறுகின்றன. படிகக்கல்லின் இவ்வியல்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் பியர் கியூரி.

பியர் 1859ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பாரிஸ் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். எதைக் கற்றாலும் அதிலேயே நெடுநேரம் ஆழ்ந்துவிடுவது அவரது இயல்பு. அத்தகைய மனத்திற்குப் பள்ளி ஒத்துவராது எனக் கருதிய பெற்றோர் அவரை வீட்டிலேயே படிக்க வைத்தனர். பதினெட்டு வயதில் அறிவியல் பட்டம் பெற்ற அவர், பண வசதியின்மையால் மேற்படிப்பைத் தள்ளிவைத்து ஆய்வுக்கூட உதவியாளராகப் பணியில் சேர்ந்தார்.

1880ஆம் ஆண்டில் பியரும் அவருடைய அண்ணன் ஜாக்கும் படிகங்களை ஆராய்ந்தனர். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் படிகத்தின் வடிவம் மிக நுண்ணிய அளவில் மாறும் என்பதையும் மறு ஆண்டில் மெய்ப்பித்தனர். முதல் கண்டுபிடிப்பின்போது பியருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை.

இக்கண்டுபிடிப்பு அவருக்கு உயர்ந்த பதவி எதையும் பெற்றுத் தரவில்லை. 1882 முதல் அவர் பாரிஸில் ஒரு தொழிற்கல்விக்கூடத்தில் பணியாற்றினார். அங்கே தனி ஆய்வுக்கூடம் இல்லாததால், மாடிப்படியை ஒட்டிய நடைவழியிலேயே காந்தவியல் ஆய்வுகளைச் செய்தார்.

1895இல் அவர் மேரியை மணந்தார். யுரேனியக் கதிர்கள் உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்க மேரிக்கு ஒரு நுட்பமான கருவி தேவைப்பட்டது. சகோதரர்கள் உருவாக்கியிருந்த குவார்ட்ஸ் கருவி அதற்குக் கைகொடுத்தது. 1898இல் கணவனும் மனைவியும் பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தனர். 1903இல் ஹென்றி பெக்கெரலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பிரெஞ்சு அரசு உயரிய விருது ஒன்றை வழங்க முன்வந்தபோது பியர் அதை ஏற்கவில்லை. தமக்குத் தேவை பதக்கமன்று, ஓர் ஆய்வுக்கூடமே என்று தெரிவித்தார்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், மழை பெய்துகொண்டிருந்த பாரிஸ் சாலையைக் கடக்கும்போது, குதிரைகள் இழுத்து வந்த பாரவண்டியில் சிக்கி அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 46.

அதன்பின் 21 ஆண்டுகள் கழித்து, 1927இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் உருவானது. அதைக் காண பியர் இல்லை. படிகத்தை அழுத்திப் பார்த்த நாளில் அவர் கடிகாரத்தைப் பற்றி எண்ணியதுமில்லை. கல்லின் இயல்பை அறிய வேண்டும் என்ற ஆவலே அவரை உழைக்கச் செய்தது. ஓட்டப்பந்தய வீரரின் நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்குவரை நாம் இன்று அளக்க முடிவது அந்த உழைப்பின் பயனே.