விமானி தேர்வில் ஒன்பதாவது இடம்: கலாமுக்கும் இன்றைய ‘சிபிஎஸ்எஸ்’ கருவிக்கும் என்ன தொடர்பு?

கோவில்பட்டி அருகே உள்ள ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்துவருகிறது. கரிசல் மண்ணுக்கு ஓடுதளம் ஒன்றும் புதுசு இல்லை. கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளமே இருக்கிறது. பள்ளியில் பணம் கட்டிப் படித்தால் பயணிகள் விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கலாம். சரி, விமானப்படையில் போர் விமானி ஆகணும்னா?

அதற்குப் பணம் வேண்டாம். ஆனா ‘சிபிஎஸ்எஸ்’ என்ற கருவியின் முன் உட்கார்ந்து தேற வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். தவறினால் பறக்கும் பிரிவுக்கான கதவு அதோடு மூடிவிடும்.

அந்தக் கருவிக்கு யோசனை தந்தவர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். விமானப்படைத் தேர்வில் ஒரே ஒரு இடத்தில் வாய்ப்பை இழந்தவர் அவர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பறவை முதல் பம்மல் பக்கம் வரை

கோவில்பட்டியிலிருந்து அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று கிழக்கே போனால் வருகிற ராமேஸ்வரத்தில் 1931 அக்டோபர் 15-ல் பிறந்தார் கலாம். பறவை எப்படிப் பறக்கிறது என்பதை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். பறக்கும் ஆசை அங்கே தொடங்கியது.

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். எம்.ஐ.டி. வளாகத்தில் காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்கள் கலாமை இழுத்தன. பக்கத்துத் தாம்பரத்தில் விமானப்படை பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி. இப்படி ஒரு சூழலில் அவர் விமானப் பொறியியல் எடுத்ததில் ஆச்சரியமில்லை.

டேராடூனில் நடந்தது

படிப்பு முடிந்ததும் இரண்டு அழைப்புகள். டெல்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவு, டேராடூனில் விமானப்படைத் தேர்வு வாரியம். மனசு முழுக்க டேராடூனில்தான். டெல்லியில் பாடம் சார்ந்த கேள்விகள், எளிதாகச் சமாளித்தார். டேராடூனில் அறிவைவிட ஆளுமையும் உடல் தகுதியும் பேச்சும்தான் முக்கியமாகப் பார்க்கப்பட்டதாக அவருக்குத் தோன்றியது. மொத்தம் 25 பேர். இடம் எட்டு. கலாம் ஒன்பதாவது.

மனம் உடைந்து ரிஷிகேஷுக்குப் போனார். அங்கே சுவாமி சிவானந்தரைச் சந்தித்துவிட்டு டெல்லி திரும்பி, கிடைத்த வேலையில் 1958-ல் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய்.

அடுத்து பெங்களூருவில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஏடிஇ நிறுவனம். அங்கே ‘நந்தி’ என்ற ஹோவர்கிராஃப்டை அவரது குழு உருவாக்கியது. தரையிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும், அவ்வளவுதான். ஆனா பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறியபோது, அனுபவம் உள்ள விமானப்படை அதிகாரி ஒருவர் தானே ஓட்டுவதாகச் சொல்லியும் கலாம் இடம் கொடுக்கவில்லை. அவரே ஓட்டினார்.

தும்பா, எஸ்எல்வி-3, அக்னி என்று நீளும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிபிஎஸ்எஸ் வருவது அதற்குப் பிறகு.

பழைய கருவியில் என்ன சிக்கல்?

கலாம் 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். அந்தப் பொறுப்பில் இருந்தபோது உதித்த யோசனைதான் சிபிஎஸ்எஸ். அதுவரை விமானப்படை நம்பியிருந்தது ‘பிஏபிடி’ என்ற பழைய முறை. எழுத்துத் தேர்வு ஒன்று, இயந்திரத் தேர்வு இரண்டு. ஒரு இயந்திரத்தில் அலையும் ஒளிப்புள்ளியைக் கைப்பிடியாலும் கால் மிதியாலும் நடுவில் நிறுத்த வேண்டும். நடுநடுவே விளக்கு எரியும், ஒலி எழும். அதற்கும் கை பதில் சொல்லணும். இன்னொன்றில் சுழலும் உருளையில் நகர்ந்து வரும் புள்ளிகளைத் தவறாமல் பின்தொடர வேண்டும்.

கை, கால், கண் ஒத்துழைப்பை இது சோதித்தது. ஆனா நவீன போர் விமானியின் வேலை அதோடு முடிவதில்லை. திரைகளில் வந்துகொண்டே இருக்கும் தகவலைப் படித்து, மனதில் வைத்து, நொடியில் முடிவெடுத்தபடியே விமானத்தையும் ஓட்டணும். இதற்குத் தகுதியில்லாதவர் உள்ளே வந்து பாதியில் கழிந்தால் பயிற்சிச் செலவு போகும், சில நேரம் உயிரே போகும்.

புதிய கருவியை உருவாக்கியது டெல்லியின் டிஐபிஆர் என்ற ராணுவ உளவியல் ஆய்வகமும், கலாம் ஒருகாலத்தில் நந்தியை ஓட்டிய அதே ஏடிஇயும். கணினித் திரை, ஜாய்ஸ்டிக், த்ராட்டில், ரடர் மிதிகள். உடல் இயக்கத் திறனோடு நினைவு, கவனம், ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் திறன் எல்லாம் அளக்கப்படும். மதிப்பெண்ணைக் கணினியே போடும்.

டேராடூன் தோல்விக்குப் பதிலடி என்று இதைச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனா காரணம் அதைவிட நடைமுறை சார்ந்தது: விமானம் மாறிவிட்டது, தேர்வும் மாற வேண்டியிருந்தது.

2006 ஜூன் 8, புனே. குடியரசுத் தலைவர் கலாம் சுகோய்-30 போர் விமானத்தின் பின் இருக்கையில் ஏறி வானில் பறந்தார். அப்போது வயது 74. 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் காலமானார்.

இப்போது என்ன வழி?

ஏஎஃப்கேட் தேர்வு வழியாகப் பறக்கும் பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருந்தால் 26 வரை போகலாம். கோவில்பட்டியில் பள்ளி வந்தால் இது உதவும். சிபிஎஸ்எஸ்ஸில் தவறியவர்களுக்குத் தரைப்பணிப் பிரிவுகள் திறந்தே இருக்கின்றன. தெற்கே உள்ளவர்களுக்குப் பக்கத்துத் தேர்வு வாரியம் மைசூரு. சாயங்காலம் கோவில்பட்டியில் நிற்கும் தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸ் நேராக அங்கேயே கொண்டுபோய் விடும்.