டாக்டர்களுக்குக் கண் கொடுத்த என்ஜினீயர்

கீழே விழுந்து கை வீங்கிவிட்டால், எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எலும்பு முறிந்திருக்கிறதா, இல்லையா என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

1895-ம் ஆண்டு வரை இந்த வசதி உலகில் எங்குமே கிடையாது. முறிந்த எலும்பை டாக்டர் விரலால் தடவிப் பார்த்து ஊகிக்கவேண்டும். குண்டு பாய்ந்தவன் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், புண்ணைக் கிளறித் தேடவேண்டும்.

அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் அல்ல. மருத்துவக் கல்லூரியில் படித்தவரே அல்ல. அவர் படித்தது என்ஜினீயரிங்! பெயர், வில்ஹெல்ம் ராண்ட்ஜன்.

பள்ளியில் இருந்து நீக்கம்

ராண்ட்ஜன் 1845-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். தந்தை துணி வியாபாரி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு 3 வயது ஆனபோது குடும்பம் ஹாலந்துக்குக் குடியேறியது.

அங்கே உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். வந்தது வினை! ஒரு மாணவன் ஆசிரியரைக் கேலி செய்து படம் வரைந்துவிட்டான். பழி ராண்ட்ஜன் மேல் விழுந்தது. வரைந்தவன் யார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்க மறுத்துவிட்டார். பள்ளியை விட்டு நீக்கினார்கள்.

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரை உட்ரெக்ட் பல்கலைக்கழகம் முறையான மாணவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 20 வயது வாலிபர் என்ன செய்வார்?

சுவிட்சர்லாந்தில், சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சான்றிதழ் இல்லாமலும் சேரலாம் என்று கேள்விப்பட்டார். 1865-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1868-ல் மெக்கானிக்கல் என்ஜினீயர் ஆனார். மறு ஆண்டே வாயுக்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார். (மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர்!) குண்ட் என்ற பேராசிரியர் அவரைப் பௌதிகத்தின் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மனைவி கிடைத்ததும் சூரிச்சில்தான். பெர்த்தா, ஒரு காபிக்கடைக்காரரின் மகள். அவரைவிட 6 வயது மூத்தவர். 1872-ல் திருமணம் நடந்தது. குழந்தை இல்லை. பெர்த்தாவின் சகோதரர் மகளை எடுத்து வளர்த்தார்கள்.

குண்டுடன் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, பழைய சான்றிதழ் விவகாரம் மறுபடியும் தலைதூக்கியது. அங்கே பாடம் நடத்தும் தகுதியைத் தர மறுத்துவிட்டார்கள். வேறு ஊர்களில் வேலை பார்த்துப் பெயர் வாங்கினார். 1888-ல் அதே வூர்ஸ்பர்க் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்!

இருட்டில் ஒரு வெளிச்சம்

1895 நவம்பர் 8-ந் தேதி, வெள்ளிக்கிழமை மாலை. காற்றை வெளியேற்றிய ஒரு கண்ணாடிக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் ராண்ட்ஜன். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அறை முழுவதும் இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே வர வழியில்லை.

ஆனால், சற்றுத் தள்ளி இருந்த, ரசாயனம் பூசிய திரை ஒன்று மினுமினுத்தது!

மின்சாரத்தை நிறுத்தினார். மினுமினுப்பு மறைந்தது. மறுபடி செலுத்தினார். மறுபடியும் ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று புரிந்துகொண்டார்.

குறுக்கே காகிதம் வைத்தார், மரப்பலகை வைத்தார், தடித்த புத்தகம் வைத்தார். எல்லாவற்றையும் ஊடுருவிச் சென்றது அந்தக் கதிர். ஈயத்தைத்தான் ஊடுருவவில்லை. தன் கையை நீட்டினார். சதையின் மங்கலான நிழலுக்கு நடுவே எலும்புகளின் கருநிழல் தெரிந்தது!

ஏழு வாரம் ஆராய்ச்சிக் கூடத்திலேயே கிடந்தார். சாப்பாடும் அங்கே, படுக்கையும் அங்கே. கணவருக்கு என்ன ஆயிற்றோ என்று பெர்த்தா கவலைப்பட்டார். டிசம்பர் 22-ந் தேதி அவரையே அழைத்துப் போய், படத்தட்டின் மேல் கையை வைக்கச் சொன்னார். சுமார் 15 நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. படத்தில் விரல் எலும்புகளும், எலும்பைச் சுற்றி மோதிரமும் தெரிந்தன. தன் சாவையே முன்கூட்டிப் பார்த்ததுபோல் பெர்த்தா நடுங்கிப்போனாராம்.

கணக்கில் விடை தெரியாத எண்ணை எக்ஸ் என்று குறிப்பது வழக்கம். அதனால் இன்னதென்று புரியாத அந்தக் கதிருக்கு எக்ஸ் கதிர் என்று பெயர் வைத்தார். 1896 ஜனவரியில் செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஜெர்மன் சக்கரவர்த்தியே அழைத்து நேரில் பார்த்தார். சில வாரங்களுக்குள் டாக்டர்கள் இதை வைத்து எலும்பு முறிவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

காசு வேண்டாம்

காப்புரிமை வாங்கியிருந்தால் கோடி கோடியாகப் பணம் குவிந்திருக்கும். ராண்ட்ஜன் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அந்தப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பிரபுப் பட்டம் தர முன்வந்தார்கள். அதையும் ஏற்கவில்லை.

எக்ஸ் கதிர் ஆளையும் சுடும் என்பது முதலில் யாருக்கும் புரியவில்லை. விளையாட்டுப்போல் கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். தோல் வெந்தது, புண்ணானது. விஞ்ஞானி எடிசனின் உதவியாளர் டாலி, இரண்டு கைகளையும் இழந்து, 1904-ல் உயிரையும் விட்டார்.

அளவு தெரிந்து கையாளத் தனி ஆட்கள் வேண்டும் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. இன்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் டாக்டர் அல்ல, அதற்கென்றே படித்த ரேடியோகிராபர். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது, எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுபவர் பௌதிகம் படித்தவர். டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தப் படிப்புகள் இருப்பதே பல சமயம் தெரிவதில்லை.

உடம்பைக் குறுக்காகச் சீவிப் பார்த்ததுபோல் காட்டும் சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரும் டாக்டர்கள் அல்ல. ஹவுன்ஸ்பீல்டு என்ஜினீயர். கார்மாக் பௌதிகப் பேராசிரியர்.

ராண்ட்ஜனின் கடைசிக் காலம் துயரமானது. 1919-ல் பெர்த்தா நெடுநாள் நோயால் இறந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் பணத்தின் மதிப்பு சரிந்தது. சேமிப்பெல்லாம் கரைந்துபோயிற்று. 1923 பிப்ரவரி 10-ந் தேதி, மூனிக் நகரில், குடல் புற்றுநோயால் அவர் காலமானார். வயது 77.

ஆராய்ச்சிக் குறிப்புகளையும் கடிதங்களையும் எரித்துவிடும்படி அவர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். கீசன் நகர மயானத்தில், பெற்றோரும் பெர்த்தாவும் இருக்கும் இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.